துணி இல்லாத சட்டம்

வணக்கம் சார்,

ஓவியம் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது டானியல் தெசூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1967-ல் செய்த ஒன்றைப் பார்த்தேன். ஒரு மரச்சட்டம், அதன்மேல் இழுத்துப் பொருத்திய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். ஓவியமே இல்லை. கலை என்ற பெயரில் ஏமாற்றுகிறார்களா?

அன்புள்ள நண்பருக்கு,

எரிச்சல் புரிகிறது, எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கடிதத்தில் 'மரச்சட்டம்' என்று எழுதியிருக்கிறீர்களே, இதற்கு முன் எந்த ஓவியத்தைப் பார்த்தாவது அந்தச் சொல் உங்களுக்குத் தோன்றியதுண்டா? வெளியே தெரியும் அலங்காரச் சட்டத்தைச் சொல்லவில்லை. உள்ளே, ஓவியம் வரையும் துணியை நாலு பக்கமும் இழுத்து ஆணி அடித்திருக்கும் சட்டம். மூலைகளில் சின்ன ஆப்புகள் செருகியிருப்பார்கள், துணி தளர்ந்தால் அவற்றை லேசாகத் தட்டினால் போதும், சட்டம் கொஞ்சம் விரிந்து துணி மறுபடி விறைக்கும். இத்தனையும் நடப்பது நாம் பார்க்காத பக்கத்தில்.

அந்தப் பக்கத்தைக் காட்டும் ஆசை பழையது. 1670 வாக்கில் கெய்ஸ்பிரெக்ட்ஸ் என்ற ஃபிளெமிஷ் ஓவியர் ஓர் ஓவியத்தின் முதுகையே வரைந்தார்: மரம், ஆணி, 36 என்று எண் போட்ட சீட்டு எல்லாம் அப்படியே. இப்போது கோபன்ஹேகனில் இருக்கிறது. ஆனால் அதுவும் வர்ணம்தான், நிஜ முதுகு அதற்கும் பின்னால்! அப்புறம் 1958 முதல் துணியைக் கத்தியால் கீறிய இத்தாலிய ஓவியர் லூச்சோ ஃபொன்தானா. துணிந்தவர் என்பார்கள், சரிதான், ஆனால் கீறலுக்குப் பின்னால் சுவர் தெரியாமல் கறுப்பு வலைத்துணி ஒட்டிவைத்தார். நமக்குத் தெரியும் அந்த ஆழமான இருட்டு அதுதான். கீறியவரும் மறைத்துவிட்டார்.

தெசூஸ் மறைக்கவில்லை. துணி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் வந்ததும் சட்டமும் சுவரும் சேர்ந்தே தெரிந்துவிடுகின்றன. 1970-ல் பாரிஸில் 'சுப்போர் சுர்ஃபாஸ்' என்ற பெயரில், அதாவது தாங்கியும் பரப்பும், தெசூஸும் அவருடைய ஓவியக் கூட்டாளிகளும் கண்காட்சி வைத்தார்கள். தெசூஸ் துணியை விட்டார், குளோத் வியாலா சட்டத்தை விட்டுவிட்டுத் துணியை மட்டும் தொங்கவிட்டார், பத்ரிக் சேதூர் துணியில் சட்டத்தின் படத்தைப் போட்டார். ஒரே பொருளைப் பிரித்து ஆளுக்கொரு பாகமாக எடுத்துக்கொண்ட மாதிரி. கூடவே அவர்கள் எழுதிக் குவித்த கோட்பாட்டுக் கட்டுரைகளை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம், என்னால் இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை.

அதனால் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பிடித்தாக வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். எனக்கே வியாலாவின் துணிகள்தான் பிடிக்கும், அவற்றில் நிறமாவது இருக்கிறது.