விக்டோரியாவில் கிராமத்துப் பக்கம் குடியேற: நிலத்துக்கு முன்னால் டவுனைத் தேடுங்கள்

தம்பி, 491 விசா வந்துவிட்டது, மனைவி நர்ஸ், பையனை அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஐந்து ஏக்கர் வாங்கி நாலு ஆடு, கொஞ்சம் கோழி, காய்கறித் தோட்டம் என்று அமைதியாக வாழ ஆசை, எந்த ஏரியா நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் நீங்கள் நிலத்தைத் தேடுகிறீர்கள், முதலில் தேட வேண்டியது டவுனை. ஐந்து ஏக்கர் எங்கேயும் அகப்படும். மனைவிக்கு வேலை தருகிற ஆஸ்பத்திரி, புதிதாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்கிற டாக்டர், பள்ளிக்கூடம் எல்லாம் அரை மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கிற இடங்கள் எவை என்று வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

முதலில் விசா சங்கதி. 491 ஐந்து வருட விசா, குடும்பம் முழுக்க ரீஜனல் ஏரியாவில்தான் இருக்க வேண்டும், மூன்று வருடம் முடிந்தபின் நிரந்தரமாகத் தங்குவதற்கான 191 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். மெல்பர்ன் மாநகரத்தைத் தவிர விக்டோரியாவில் பெரும்பாலும் எல்லாமே ரீஜனல் கணக்கில் வரும், ஜீலாங், பாலரட், பெண்டிகோ உட்பட. ஓரத்து ஊர்களில் மட்டும் அஞ்சல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2025 ஏப்ரலில் இருந்து தற்காலிக விசாக்காரர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்கத் தடை இருக்கிறது, 491-ம் தற்காலிக விசாதான். காலி மனையை அனுமதி பெற்று வாங்கலாம், ஆனால் விக்டோரியாவில் அதற்குமேல் 8% கூடுதல் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டிவரும். ஆக இப்போதைக்கு வாடகைதான். இதைச் சொல்லிப் பலரும் புலம்புகிறார்கள், எனக்கென்னவோ அது நல்லதாகவே படுகிறது. டவுனுக்குள்ளேயே வாடகைக்கு இருந்து ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் பார்த்தவர்கள் பிறகு வாங்குகிற நிலமே வேறாக இருக்கும்.

உங்கள் கையில் இருக்கிற பெரிய பலம் மனைவியின் வேலை. நர்ஸ், டாக்டர்களைப் பதிவு செய்கிற ஆப்ரா அமைப்பில் பதிவு முடிந்ததும் அவர் எங்கே விண்ணப்பிக்கிறாரோ அதுதான் உங்கள் ஏரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்டிகோ, பாலரட், ஷெப்பர்ட்டன், ட்ரரால்கன், மில்டூரா, இங்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. அதைவிடச் சின்ன ஊர்களில் பெரும்பாலும் அர்ஜன்ட் கேர் மட்டும்தான், ராத்திரி பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் முதலுதவி செய்து பெரிய ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். டாக்டர் விஷயத்தையும் வீடு பார்க்கும் முன்பே போன் போட்டுக் கேளுங்கள். "புக்ஸ் க்ளோஸ்டு" என்று ரிசப்ஷனிஸ்ட் பெண் ரொம்ப மரியாதையாகச் சொல்வார், அதற்கு அர்த்தம் புது ஆட்களை எடுப்பதில்லை, பக்கத்து ஊரைப் பாருங்கள் என்பதுதான்.

அரை மணி நேரம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. ஜூன் மாதம் இங்கே ஏழரைக்குத்தான் சூரியனே வரும். மனைவி ஆறரைக்கு முன்னால் இருட்டில் கிளம்புவார், புல்வெளிக்கு நடுவே போகிற சிங்கிள் லேன் சாலை, நூறு கிலோமீட்டர் வேக வரம்பு, விடியலுக்கு முந்தின அந்த நேரத்தில்தான் கங்காருக்கள் சாலையோரம் வந்து நிற்கும், ஒன்று தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று தாண்டும், முதலாவதைத் தப்பவிட்டு நிம்மதியாக ஆக்சிலேட்டரை மிதிக்கிற நேரத்தில் இரண்டாவது வந்து விழும். பழகிவிடும்தான், ஆனால் தினமும் ஒரு மணி நேரம் இப்படி ஓட்டுவதற்கும் இருபது நிமிடம் ஓட்டுவதற்கும் இருக்கிற வித்தியாசம் குடும்பத்தில் தெரியும்.

சரி, ஏரியாக்கள். கிப்ஸ்லாந்துப் பக்கம் வாரகல், ட்ரூயின் எல்லாம் பச்சைப்பசேல், மழை நிறைய, பால் மாடு வளர்க்கிற பூமி. மெல்பர்னுக்கு நூறு கிலோமீட்டர்தான், டாண்டினாங் கடைகளும் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலும் அந்தத் திசையிலேயே இருப்பதால் மளிகை, சாமி இரண்டும் ஒரே நாளில் முடியும். அதனாலேயே கூட்டமும் விலையும் ஏறிவிட்டன. இன்னும் கிழக்கே ட்ரரால்கன், மோர்வெல் பக்கம் நிலக்கரி மின்நிலையங்களை நம்பி இருந்த பள்ளத்தாக்கு, ஹேசல்வுட் 2017-இல் மூடிவிட்டது, யாலோர்னும் 2028-இல் மூடுவதாக இருக்கிறது. உங்களுக்கு வேலை எந்தத் துறையில் என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பொறுத்து யோசியுங்கள். நர்ஸுக்குப் பிரச்சினை இல்லை.

பாலரட் குளிர், நிஜமான குளிர், மேட்டில் இருக்கிற ஊர், தக்காளிச் செடிக்கு வசந்த காலத்தில்கூட உறைபனி அடிக்கும். நான் இருக்கிற பெண்டிகோப் பக்கம் கொஞ்சம் வறட்சி, கோடையில் கொளுத்தும், ஆனால் ரயில் வசதி நல்லது. 2023-இல் இருந்து மாநிலத்தின் வெளியூர் ரயிலான வி-லைனுக்கும் மெல்பர்ன் நகரத்து நாள் கட்டண வரம்புதான், 150 கிலோமீட்டர் போனாலும் அதேதான். ஷெப்பர்ட்டனில் பழத்தோட்டம், கால்வாய்ப் பாசனம், பல நாட்டு ஆட்கள், புதிதாக வருகிறவர்களுக்கு மனம் ஒட்டுகிற ஊர். மில்டூரா தனி உலகம், மெல்பர்னிலிருந்து 540 கிலோமீட்டர், வருட மழை 300 மில்லிமீட்டரைத் தொடுவதே கஷ்டம், பயணிகள் ரயில் 1993-இலேயே நின்றுபோனது. வெயில் பிடிக்கும் என்றால் போங்கள், கோயிலுக்கும் விசேஷத்துக்கும் விமானம்தான்.

பிறகு நிலம் பார்க்கிற காலம் வரும்போது, அழகில் மயங்காமல் ஸோனை, அதாவது அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வகையைப் பாருங்கள். ஃபார்மிங் ஸோனில் பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கர்போல, இருந்தால்தான் பெர்மிட் கேட்காமல் வீடு கட்டலாம். அதைவிடச் சிறிய மனைக்கு கவுன்சில் இல்லை என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஐந்து ஏக்கர் சல்லிசாகக் கிடக்கிறதே என்று தோன்றினால் காரணம் அநேகமாக இதுதான். உங்களுக்குத் தோது ரூரல் லிவிங் ஸோன், கிராமப்புறத்தில் வீடு கட்டி வாழ்வதற்கான வகை. விக்பிளான் இணைய வரைபடத்தில் விலாசத்தைப் போட்டால் ஸோனும் ஓவர்லேயும் (வெள்ளம், தீ போன்றவற்றுக்காக அதன்மேல் வருகிற கூடுதல் கட்டுப்பாடு) இலவசமாகத் தெரியும், விற்பவர் தருகிற செக்‌ஷன் 32 என்ற விற்பனை விவர ஆவணத்திலும் இருக்கும். வெள்ள ஓவர்லே இருந்தால் லேசாக எடுக்காதீர்கள். 2022 அக்டோபரில் ராச்செஸ்டர் கிட்டத்தட்ட ஊரோடு மூழ்கியது.

காட்டுத்தீ ஓவர்லே என்றால் இன்னும் ஒரு படி மேலே யோசிக்க வேண்டும். 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி ஒரே நாளில் பற்றிய தீயில் 173 பேர் போனார்கள், கிங்லேக், மேரிஸ்வில் பக்கம்தான் அதிகம். அந்த மலைப்பக்கம் பார்க்க அவ்வளவு அழகு. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி, அந்த வீட்டிலிருந்து வெளியேற எத்தனை சாலை? ஒன்றுதான் என்றால், அதுவும் மரங்களுக்கு நடுவே போகிறது என்றால், விட்டுவிடுங்கள். தீ அபாயம் கட்டஸ்ட்ராபிக், அதாவது உச்ச நிலை, என்று அறிவித்த நாளில் முதல் நாள் இரவே அல்லது அதிகாலையிலேயே கிளம்பிவிட வேண்டும், ஆடு கோழியை என்ன செய்வது என்பதை அன்றைக்கு யோசிக்க முடியாது.

டவுன் எல்லை தாண்டினால் பெரும்பாலும் குழாய்த் தண்ணீர் இருக்காது, கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் எல்லாமே. பிப்ரவரி கடைசியில் காலையில் போய்த் தகரத் தொட்டியின் பக்கத்தை விரல் முட்டியால் மேலிருந்து தட்டிக்கொண்டே வருவோம், டொங் டொங் என்று வெறுமையாகக் கேட்டு வந்த சத்தம் ஓர் இடத்தில் மொத்தென்று அடங்கும், அதுதான் தண்ணீர் மட்டம். அது முழங்காலுக்குக் கீழே போனால் லாரிக்குச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வாரம் எல்லாருமே லாரிக்குத்தான் போன் செய்துகொண்டிருப்பார்கள். ஐந்து ஏக்கர் பார்க்கப் போகிறபோது வீட்டின் பெட்ரூமை எண்ணாமல் தொட்டி எத்தனை லிட்டர், கூரை எவ்வளவு பெரிது என்று கேளுங்கள்.

போன் சிக்னலை வாசலில் பார்த்தால் போதாது, சமையலறைக்குள் நின்று பாருங்கள். பள்ளிக்கூடம் 4.8 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் ஸ்கூல் பஸ் இலவசமாகக் கிடைக்கலாம், நிறுத்தம் எங்கே என்று விசாரியுங்கள். ஆடு ஒன்றே ஒன்று வைத்தாலும் பிக் எண், அதாவது கால்நடை வைக்கிற நிலத்துக்கான அடையாள எண், எடுக்க வேண்டும், காசு கிடையாது. நிலத்தில் முள்புதரும் முயலும் பெருகினால் கட்டுப்படுத்துவது சட்டப்படி உங்கள் பொறுப்பு.

மனைவியிடமும் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். அமைதி வேண்டும் என்பது உங்கள் ஆசையா, இருவர் ஆசையா? ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச ஆள் இருக்கும், நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவராக இருந்து வாரக்கணக்கில் யாரிடமும் தமிழ் பேசாமல் இருக்க நேரும் என்றால், ஊர்த் தீயணைப்புப் படையான சிஎஃப்ஏ-வில் தன்னார்வலராகச் சேருங்கள். தீயணைக்கவே போக வேண்டும் என்றில்லை, ரேடியோ பார்க்க, டீ போடக்கூட ஆள் தேவை. யார் எந்தச் சாலையில் இருக்கிறார்கள், யார் டிராக்டர் தருவார்கள் என்பதெல்லாம் அந்த ஷெட்டில்தான் தெரியவரும்.

என்னைக் கேட்டால் வாரகல் முதல் ட்ரரால்கன் வரையான ரயில் பாதை, இல்லையென்றால் பெண்டிகோ. வேலை எங்கே உறுதியாகிறது என்று தெரிந்ததும் எழுதுங்கள். பெண்டிகோ என்றால் எந்தப் பக்கம் வாடகைக்குப் பார்க்கலாம், எந்த கிளினிக்கில் இப்போது புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதை விசாரித்துச் சொல்கிறேன்.