கிராமத்துப் பையன்கள் கஞ்சாவை விட்டு வலி மாத்திரைக்குப் போவது ஏன்? வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கஞ்சாவை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பலரிடம் இரண்டும் இருக்கிறது.

தேனி, மதுரைப் பக்கம் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைந்தது. பாடேரு, மல்கான்கிரி வட்டாரத்திலிருந்து டேப் சுற்றிய பொட்டலங்களாக ரயிலிலும் லாரியிலும் வரும். போதைப்பொருள் சட்டத்தில் எடைதான் தலையெழுத்து. 1 கிலோ வரை என்றால் அதிகபட்சம் ஓராண்டு. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, ஜாமீனும் குதிரைக்கொம்பு. அதனால்தான் சரக்கைப் பிரித்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். மாட்டுவதும் பெரும்பாலும் தூக்கி வந்த கூலிப் பையன்தான்.

மாத்திரைக்கு வாசனை இல்லை, பத்து மாத்திரை அட்டை சட்டைப் பையில் அடங்கும். 2018 ஏப்ரலில் டிரமடால் என்ற வலி மாத்திரை போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அதே குணமுள்ள டபென்டடால் அப்போது அந்தப் பட்டியலில் சேரவில்லை. டாக்டர் சீட்டுக்கு விற்கும் சாதாரண வலி மருந்தாகவே நின்றது. வியாபாரம் அந்த ஓட்டைக்குள் புகுந்துகொண்டது.

சிலர் இந்த மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடுகிறார்கள். மாத்திரையில் மருந்தைவிட மாவுப்பொருள்தான் அதிகம். அது ரத்தத்தில் கரையாது. நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும், குத்திய இடம் சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்றும் எச்.ஐ.வி.யும் பரவலாம்.

வீட்டில் முதலில் கண்ணைப் பாருங்கள். கஞ்சா என்றால் கண் சிவக்கும். இந்த மாத்திரை என்றால் மங்கலான வெளிச்சத்திலும் கண்மணி குண்டூசித் தலை மாதிரி சுருங்கியிருக்கும். தீராத மலச்சிக்கல், உட்கார்ந்தபடியே தூங்கி வழிவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, குப்பையில் காலி அட்டை, இன்சுலின் ஊசி. ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் கேளுங்கள். அடித்துக் கேட்டால் பொய்தான் வரும்.

அறையில் பூட்டி வைத்து நிறுத்துவதுதான் ஊரில் வழக்கமாக நடக்கும் தப்பு. ஒரு நாளுக்குள் மூக்கொழுகல், ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், உடம்பு முறிக்கும் வலி, பேதி தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சம், ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணியும். ஆபத்து அதற்குப் பிறகுதான். உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்து பழைய கணக்கிலேயே போட்டால் மூச்சு நின்றுவிடும். கூடவே மதுவும் இருந்தால் இன்னும் சீக்கிரம். எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாரித்து, குறட்டை போல் இழுத்து மூச்சு விட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து உண்டு.

சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். வலியைத் தணிக்கவும் ஏக்கத்தை அடக்கவும் புப்ரெனார்பின் போன்ற மருந்துகளை மருத்துவர் பார்வையில் தருவார்கள். போக வழி தெரியாவிட்டால் 14446 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. வழக்குக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுதாக முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு தருகிறது. பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கும் போய்விடலாம்.