அடுப்படிக்குப் பக்கத்தில் எட்டடி

அன்புள்ள சார்,

தென்காசிப் பக்கம் மூன்று சென்ட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுப்படியை ஒட்டி எட்டுக்கு ஒன்பது அடி இடம் வருகிறது. எங்கள் ஆச்சி வீட்டு ரெண்டாங்கட்டில் சாயங்காலமானால் எல்லாரும் கூடிவிடுவோம். அதுபோல உட்கார இந்த இடத்தை விட்டுவைக்க ஆசை. இஞ்சினியர், “வேஸ்ட் மேடம், ஸ்டோர் ரூம் ஆக்கிடலாம்” என்கிறார். வீட்டுக்காரருக்கு ஹால் பெரிதாக இருந்தால் போதும். பழைய நினைப்பில் இடத்தை வீணாக்குகிறேனா?

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

விட்டுவையுங்கள். எங்கள் வீட்டில் இதே இடத்தை அடைத்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

எங்களிடமும் வேஸ்ட் என்றுதான் சொன்னார்கள். சுவர் எழுப்பி ஸ்டோர் ரூம் ஆக்கினோம். அதன்பிறகு அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது பேச்சு வந்தால் ஹாலுக்கு வருவாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி, “இன்னைக்கு மதினி போன் பண்ணினா…” என்று தொடங்குவாள். குக்கர் விசில் அடிக்கும். ஓடுவாள். திரும்பி வரும்போது நாங்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்போம். மதினி என்ன சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. பல வருஷம் அம்மா எங்களிடம் பாதிப் பாதிப் பேச்சாகத்தான் பேசியிருக்கிறாள். அந்தச் சுவர் செய்த வேலை அது.

ஆச்சி வீட்டு ரெண்டாங்கட்டில் ஏன் கூட்டம் சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேலை இருந்தது. ஆட்டுக்கல், சுளகு, உரிக்க மொச்சை. முருங்கைக்கீரையை முந்தின ராத்திரி துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறும்போதே பாதி இலை உதிரும். மிச்சத்தை உருவ நாலு பேர் உட்காருவார்கள். கை வேலையில் இருக்கும், கண் சுளகில் இருக்கும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாத கடன், வரன், மருமகளின் மனக்குறை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஹால் சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்தால் அந்தப் பேச்சு வராது.

ஒன்றை மறைக்கக்கூடாது. பெண்களைப் பின்கட்டோடு நிறுத்திவைத்த இடமும் அதுதான். புகையில் இருமியவர்களும் அவர்களே. மாதத்தில் மூன்று நாள் அங்கேயும் வராதே என்ற வீடுகள் உண்டு. அந்த வழக்கம் நமக்கு வேண்டாம், இடம் மட்டும் போதும்.

சமையலறை ஒற்றை ஆள் அறையாகச் சுருங்கியதில் ஒரு நல்ல நோக்கமும் இருந்தது. வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறை வடிவமைத்தார். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளத்துக்குள் எல்லாம் கைக்கெட்டும்படி வைத்தார். பெண்ணின் உழைப்பு குறையட்டும் என்பது அவர் எண்ணம். உள்ளிருந்தே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடத்துப் பக்கம் இழுப்புக் கதவும் வைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. நடை குறைந்தது. ஆனால் இரண்டாவது ஆளுக்கு அங்கே இடமில்லை.

நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும், சாப்பிடத் தனி இடம் இருந்தால் சமையலறைக்கு 5 சதுர மீட்டர், 1.8 மீட்டர் அகலம் போதும் என்கிறது. ஆறடிதான். இரண்டு பக்கமும் இரண்டடி மேடை போட்டால் நடுவில் மிஞ்சுவது இரண்டடி. ஒருவர் குனிந்தால் இன்னொருவர் தாண்ட முடியாது. கூடமாட ஒத்தாசை செய்ய வருகிறவரையும் அந்த அகலமே திருப்பி அனுப்பிவிடும்.

மிக்ஸியும் கேஸும் வந்தபின் உட்கார வேலை ஏது என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கலாம். வேலை குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. மிச்ச வேலை ஒருத்தி தலையில் விழுந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் சுவரைப் பாதி இடித்துக் கடப்பைக்கல் திண்ணை ஒன்று போட்டோம். முதல் வாரமே அப்பா பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தார். எழுபத்து நாலு வயதில், அவர் வெங்காயம் உரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரும் சொல்லவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்தார்.

உங்களுக்குச் சில யோசனைகள். அடுப்புக்கும் திண்ணைக்கும் நடுவே முழுச் சுவர் வேண்டாம், மேடையைவிடக் கொஞ்சம் உயர்ந்த அரைச் சுவர் போதும். சமைக்கிறவர் முகம் தெரியவேண்டும், தாளிக்கும் எண்ணெய் தெறிக்கக்கூடாது. திண்ணை ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும், வயதானவர்கள் எழுந்திருக்கச் சுலபம். டைனிங் டேபிளை அங்கே போட்டுவிடாதீர்கள், சாப்பிட்டதும் எழுந்து போய்விடுவார்கள். டிவி பாயிண்ட் கண்டிப்பாக வேண்டாம். புறவாசலுக்கு ஒரு கதவு வையுங்கள். தென்காசியில் சாரல் காலத்தில் அந்தக் கதவைத் திறந்துபோட்டால் வீட்டில் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். கதவுக்குக் கொசுவலையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.