தேறிய பிறகும் ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை?

கேள்வி: தக்காளிக்கு மருந்தடிக்கும்போது டேங்க் கசிந்து என் கணவரின் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. டப்பாவில் குளோர்பைரிபாஸ் என்று இருந்தது. அதே சட்டையோடு வேலையை முடித்தார். மாலையில் வியர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்து, மூச்சுத் திணறி விழுந்துவிட்டார். உப்புத் தண்ணீர் கொடுக்கலாம் என்று சிலர் சொல்ல, நான் பயந்துபோய்க் கொடுக்கவில்லை. தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் இரவு முழுக்க ஊசி போட்டார்கள். விடிந்ததும் சம்பந்தமில்லாமல் பிதற்றினார். மறுநாள் தெளிந்து இட்லி சாப்பிட்டார்; இருந்தும் ஐந்தாம் நாள்தான் அனுப்பினார்கள். ஊசி அதிகமாகிவிட்டதா? மறுபடி எப்போது மருந்தடிக்கலாம்? - வாசகி, பாலக்கோடு

பதில்: உப்புத் தண்ணீர் கொடுக்காமல் விட்டீர்களே, அது மிகச் சரியான முடிவு. தோல் வழியாக ஏறிய நஞ்சு வாந்தியில் வெளியேறாது. விழுங்கியவருக்கும் வாந்தியைத் தூண்டக் கூடாது. அரை மயக்கத்தில் இருப்பவரின் வாந்தியும், மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய்த் திரவமும் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே செய்ய வேண்டியது நனைந்த துணியைக் கழற்றுவதுதான். துணி உடம்பில் இருக்கும்வரை நஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும். கையுறை அணிந்துகொண்டு, தலைமுடி, அக்குள், நகக்கண் உட்பட சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தோல் பெல்ட்டும் தோல் செருப்பும் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால் அவற்றை மீண்டும் அணியக் கூடாது. மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். டப்பாவின் பெயர் தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

குளோர்பைரிபாஸ் ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தது. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் சிதைக்கும் நொதியை இது முடக்கிவிடுகிறது. கட்டளை ஓயாததால் வியர்வையும் எச்சிலும் பெருகும், கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும், நாடித்துடிப்பு குறையும், நுரையீரலுக்குள் சளி நீர் நிறையும். பலரின் உயிரைப் பறிப்பது இந்த நீரும் மூச்சுத்தசைகளின் தளர்ச்சியும்தான்.

அந்த நீரை வற்றவைப்பது அட்ரோபின். பெரியவர்களுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை ரத்தக்குழாயில் செலுத்தித் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கொரு முறை நெஞ்சைக் கேட்டு, தேறவில்லையென்றால் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். மார்பில் ஈரச்சத்தம் அடங்க வேண்டும். நாடித்துடிப்பு 80-ஐத் தாண்ட வேண்டும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவும் 80-க்கு மேல் நிற்க வேண்டும். பிறகு சொட்டுமருந்தாகத் தொடர்வார்கள். இத்தனை ஊசியா என்று உறவினர்கள் பதறுவது இயல்பு. ஆனால் இந்த நஞ்சுக்குக் குறைவாகப் போடுவதுதான் ஆபத்து. அட்ரோபின் சற்றே மிகும்போது பிதற்றல், உடற்சூடு, சிறுநீர் அடைப்பு ஆகியவை வரும். நஞ்சாலும் பிதற்றல் வரலாம். மருந்தால் வந்ததென்றால் சொட்டுமருந்தைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுக் குறைத்த அளவில் தொடர, அது அடங்கிவிடும். ஆகவே உங்கள் கணவர் பிதற்றியதை மட்டும் வைத்து சிகிச்சை தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இட்லி சாப்பிட்டவரை ஏன் நிறுத்திவைத்தார்கள் என்பதற்கு வருகிறேன். எச்சிலும் சளியும் அடங்கி, தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும், தோள், இடுப்புத் தசைகளும் தளர்ந்து, பின் மூச்சுத்தசையும் ஓய்ந்துவிடக்கூடும். இதை அட்ரோபின் தடுக்காது. செயற்கை சுவாசக் கருவிதான் காப்பாற்றும். மருத்துவர் வந்தபோதெல்லாம் படுத்த நிலையில் தலையைத் தூக்கச் சொல்லியிருப்பாரே, அது இதைக் கண்டுபிடிக்கத்தான். தலையணையிலிருந்து தலை எழவில்லையென்றால் அதுவே முதல் எச்சரிக்கை. குளோர்பைரிபாஸ் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல ரத்தத்துக்கு வருவதால் காத்திருப்பது இன்னும் அவசியம். "நல்லாத்தானே இருக்கார்" என்று இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டு அழைத்துப்போவதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

அவர் இப்போதைக்கு மருந்தடிக்கவோ கலக்கவோ கூடாது. முடங்கிய நொதி ரத்தச் சிவப்பணுக்களில் முழுமையாக மீள மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். அதற்குள் சிறிதளவு பட்டாலும் பழையபடி விழுந்துவிடக்கூடும். அந்த நொதியை அளக்கும் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன பிறகே தொடங்கட்டும். அதற்கு முன், ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கெண்டைக்காலில் வலியோ, பாதத்தில் மதமதப்போ, நடக்கையில் கால் இழுப்போ தெரிந்தால் உடனே காட்டுங்கள். சிலருக்கு நரம்பு பாதிப்பு இப்படித் தாமதமாகத்தான் வெளிப்படும்.