குறைதிறன் தொலைக்காட்சி டிஜிட்டலானது: கேள்வி பதில்

அமெரிக்காவின் குறைதிறன் தொலைக்காட்சி நிலையங்கள், அதாவது சிறு பகுதிக்கு மட்டும் எட்டும் நிலையங்கள், 2021 ஜூலை 13-க்குள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியாக வேண்டியிருந்தது. அந்தக் கெடுவுக்கு முன் உறுப்பினர்கள் கேட்டவையும் அப்போது நான் சொன்ன பதில்களும் கீழே.

கேள்வி: டிஜிட்டல் மாற்றம் 2009-லேயே முடிந்துவிட்டதே ஐயா, இப்போது மாறுவது எது?

2009 ஜூன் 12 அன்று மாறியவை முழுத்திறன் நிலையங்கள். 1982-இல் தொடங்கப்பட்ட குறைதிறன் பிரிவுக்கும், தொலைதூர நிலையத்தின் அலையை வாங்கி மலைக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு அனுப்பும் மறுஒளிபரப்பிகளுக்கும் அன்று விலக்கு இருந்தது. பின்னர் 2015 செப்டம்பர் 1 என்று கெடு வைத்தார்கள். அலைக்கற்றை ஏலத்தால் பல சேனல்கள் இடம்பெயர வேண்டியிருந்ததால் அதுவும் தள்ளிப்போனது. ‘அதெல்லாம் அப்போதே முடிந்த கதை’ என்ற எண்ணமே இன்று ஊர்களை ஆயத்தப்படுத்துவதற்குப் பெரிய தடை என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் மாவட்ட நிர்வாகமே குன்றின்மேல் மறுஒளிபரப்பி வைத்திருக்கிறது. மக்களுக்கு யார் சொல்வது?

நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். யூட்டா, மொன்டானா போன்ற மலை மாநிலங்களில் இது பழகிய ஏற்பாடு. ஆனால் திரையில் தெரிவது தொலைதூர நகர நிலையத்தின் பெயர் என்பதால், தம் வீட்டுக்குப் படம் அந்தக் குன்றிலிருந்து வருகிறது என்பதே பலருக்குத் தெரியாது. வாங்கியதை அப்படியே அனுப்பும் கருவியில் சொந்த அறிவிப்பைச் சேர்ப்பதும் எளிதன்று. ஆகவே உள்ளூர்ச் செய்தித்தாள், வரி ரசீதோடு ஒரு துண்டறிக்கை, நூலகம், தேவாலயம், முதியோர் மதிய உணவுக் கூடம் ஆகியவற்றின் வழியே சொல்லுங்கள். மாறும் நாளையும் புதிய சேனல் எண்ணையும் குறிப்பிடாத அறிவிப்பால் பயனில்லை.

கேள்வி: அம்மாவிடம் இருப்பது பழைய டியூப் டிவி. புதிய டிவியும் ‘டிஜிட்டல் ஆண்டெனா’வும் வாங்க வேண்டுமா?

இரண்டும் தேவையில்லை. டிஜிட்டல் அலையைப் பழைய டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மாற்றிப் பெட்டி ஒன்று போதும். 2009-இல் வாங்கியது வீட்டில் இருந்தால் அதுவே உதவும், சேனல்களை மீண்டும் ஸ்கேன் செய்தால் சரி. அன்று வீட்டுக்கு இரண்டு வீதம் அரசு கொடுத்த 40 டாலர் கூப்பன் இம்முறை கிடையாது. ‘டிஜிட்டல் ஆண்டெனா’ என்பது வியாபாரிகளின் பேச்சு. புதிய சேனல் விஎச்எஃப், யுஎச்எஃப் என்ற இரு அலைவரிசைத் தொகுதிகளில் எதில் வருகிறதோ அதற்கு ஏற்ற ஆண்டெனாவா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: எங்களுக்குப் படம் புள்ளி புள்ளியாகத்தான் வருகிறது. இனி தெளிவாகுமா?

தெளிவாகலாம், அடியோடு மறைந்தும் போகலாம். அலை வலுவிழந்தால் அனலாக் படம் மங்கும்; டிஜிட்டலில் ஓர் அளவுக்குக் கீழே போனதும் படம் உறைந்து நின்றுவிடும். அலை எட்டும் பரப்பின் ஓரத்திலுள்ள வீடுகளை முன்கூட்டியே கண்டறிந்து, கூரைமேல் ஆண்டெனா வைக்க ஆள் அனுப்புவது நூறு சுவரொட்டிகளைவிட மேலான ஆயத்தம்.

கேள்வி: காரில் எஃப்எம் 87.7-இல் கேட்கும் வானொலி என்னவாகும்?

அது உண்மையில் 6-ஆம் சேனலின் அனலாக் தொலைக்காட்சி ஒலி. அனலாக் நின்றால் அதுவும் நிற்கும். தொடர விரும்பும் நிலையம் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் (FCC) தனி அனுமதி பெற்றாக வேண்டும்.