கால்நடை கேள்வி – பதில்: எந்த நேரத்தில் உதைக்கிறது?

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சி மாடு தலையீற்றுக் கன்று போட்டு 12 நாள் ஆகிறது. கறக்க உட்கார்ந்தாலே உதைக்கிறது. அணைகயிறு (பின்னங்கால்களைக் கட்டும் கயிறு) போட்டால் நிற்கிறது, ஆனால் பால் விடுவதில்லை. கெட்ட குணம், விற்றுவிடு என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– பல்லடம் வாசகி

பதில்: விற்பது இருக்கட்டும். எந்த நேரத்தில் உதைக்கிறது என்று இரண்டு வேளை கவனியுங்கள். ஒரு காம்பைப் பிடிக்கும்போது மட்டும் உதைத்தால் வலி அங்கேதான். நான்கையுமே தொடவிடாமல், மடியை விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் அது ஈன்ற மடியின் நீர்வீக்கம். தலையீற்றில் சகஜம், பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ஆளைக் கண்டதுமே காலைத் தூக்கினால் பயம்.

முதலில் வலியைத் தேடுங்கள். புறங்கையால் மடியின் நான்கு பாகத்தையும் தொட்டுப் பார்த்தால் சூடு வித்தியாசம் தெரியும். முதல் பீச்சலைக் கருப்புத் துணியில் விடுங்கள். திரிதிரியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய்; அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். காம்பில் வெடிப்பு, கன்றின் பல் பட்ட கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கறப்பவரின் நகத்தையும் பாருங்கள்! கட்டைவிரலை மடக்கிக் காம்பை நெரித்துக் கறந்தால் எந்த மாடும் உதைக்கும். முழுக்கையால் பிடித்துக் கறக்க வேண்டும்.

பால் விடாதது பிடிவாதம் அல்ல. மடியைக் கழுவித் தடவும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்குகிறது. மிரண்ட மாட்டில் அட்ரினலின் என்ற பய ஹார்மோன் சுரந்து அதைத் தடுத்துவிடும். கயிறு காலை நிறுத்துமே தவிர, பாலை இறக்காது. இதற்கென ஊசி போடும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, துடைத்து, ஒரு நிமிடத்துக்குள் கறக்கத் தொடங்குங்கள். ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். மாட்டுக்கு நேர் பின்புறம் கண் தெரியாது. குரல் கொடுத்தபடி தோள்பக்கமாகப் போய், முதுகில் கை வைத்து, அந்தக் கையை எடுக்காமலே விலாவழியாக மடிக்குக் கொண்டுவாருங்கள். காலைத் தூக்கியதும் கையை எடுத்தால், உதைத்தால் விட்டுவிடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். கை மடியிலேயே இருக்கட்டும். கால் தரையில் ஊன்றிய பிறகு எடுங்கள். வலி இல்லை என்று உறுதியான மாட்டுக்கு மட்டும்தான் இது.

கேள்வி: வீட்டில் சாதுவான எங்கள் நாட்டு நாய், மருத்துவமனை வாசலிலேயே உறுமுகிறது. அடித்து அடக்கலாமா?
– மதுரை வாசகர்

பதில்: அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். உறுமுவதற்கு முன்பே உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் விலக்கிக் கூட்டிப் போங்கள்.

கூடை வடிவ வாய்க்கவசம் வாங்கி, உள்ளே வேகவைத்த கோழித்துண்டு வைத்து, தானாக மூக்கை நுழைக்கவிடுங்கள். வாரைக் கட்டுவது பல நாள் கழித்துத்தான். வாயை இறுக்கும் துணிக்கவசத்தில் நாயால் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாது. நம் வெயிலில் சில நிமிடத்துக்கு மேல் ஆபத்து. முறை வரும்வரை வெளியே நில்லுங்கள். வழுக்கும் எஃகு மேசைதான் பல நாய்களுக்குப் பயம். ரப்பர் பாய் கொண்டுபோய், தரையிலேயே பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வயதான நாய் திடீரென்று வீட்டிலும் உறும ஆரம்பித்தால் இடுப்பு, காது, பல் மூன்றிலும் வலி இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.