சூரிக்கில் பார்த்த வாட்ச்சுக்காகக் கடன் வாங்கலாமா?

அலுவலகப் பயணமாக சூரிக் சென்றிருந்தபோது, பான்ஹோஃப் வீதிக் கடையொன்றில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்த கோவை வாசகர், ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய் விலையுள்ள அதைத் தனிநபர் கடனில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் அங்கே போகும் நண்பர் வாங்கி வருவாராம். "தங்கம் மாதிரி விலை ஏறும்" என்று மைத்துனர் வற்புறுத்துகிறாராம்.

வாட்ச்சின் பின்பக்கக் கண்ணாடி வழியாக, அதன் ஓட்டத்தைச் சீராக்கும் சமநிலைச் சக்கரம் துடிப்பதைப் பார்த்த அந்தப் பத்து நிமிடங்களைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவுக்குத் தினமும் காலையில் சாவி கொடுத்த நினைவு அப்போது வந்தது என்றும் சொல்கிறீர்கள். அந்த ஆசையில் எந்தத் தவறும் இல்லை. எனக்குக் கவலை தருவது கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட ஒரு வரி: கைப்பேசி, தொலைக்காட்சி, பைக் என மூன்றுக்கும் கிரெடிட் கார்டில் மாதம் 18,500 ரூபாய் தவணை போகிறது, அது முடிய இன்னும் ஒன்பது மாதங்கள் உள்ளன. பிடித்ததையெல்லாம் உடனே தவணையாக மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் உங்களுக்குக் கேடு செய்கிறது.

8 லட்சத்தை 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 18,600 ரூபாய். மொத்தம் கட்டுவது 11 லட்சத்துக்கும் மேல், அதாவது வட்டி மட்டும் 3 லட்சத்துக்குக் குறையாது. வீட்டுக் கடன் 32,000, கார்டுத் தவணை 18,500, இதுவும் சேர்ந்தால் 1,10,000 சம்பளத்தில் 69,000 தவணைகளுக்கே போய்விடும்.

மைத்துனரின் கணக்கை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான வாட்ச்சுகள் கடையை விட்டு வெளியே வந்ததுமே மறுவிற்பனையில் மதிப்பிழக்கின்றன. காத்திருந்து வாங்க வேண்டிய சில ரோலெக்ஸ், பதேக் பிலிப் மாதிரிகள்தாம் விதிவிலக்கு, அவையும் 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்டுப் பின்பு இறங்கின. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்து எண்ணெய் இட வேண்டியிருப்பதால், சர்வீஸ் செலவும் உண்டு. சுவிஸ் நாட்டின் 8.1 சதவீத மதிப்புக்கூட்டு வரி திரும்பக் கிடைக்கும் என்பதை மட்டும் சொன்ன மைத்துனர், வரியில்லா வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் கட்ட வேண்டிய சுங்க வரியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். கையில் கட்டிக்கொண்டு வந்தாலும் அந்த வரி உண்டு. அறிவிக்காமல் வந்து பிடிபட்டால் சிக்கிக்கொள்வது உங்கள் நண்பர்.

எனவே நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்பதாவது மாதம் கார்டுத் தவணை முடிந்ததும், அதே தேதியில் அதே 18,500 ரூபாயை ஆர்.டி.யில் (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) போடத் தொடங்குங்கள், 6.5 சதவீத வட்டி கிடைத்தால் நாற்பது மாதங்களில் 8 லட்சத்தைத் தாண்டிவிடும், கடன் முடியும் காலத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே. 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான எஃப்டாவுடனான இந்திய வர்த்தக ஒப்பந்தத்தின்படி சுவிஸ் வாட்ச்சுகளின் இறக்குமதி வரியும் படிப்படியாகக் குறைந்து வருவதால், அப்போது இந்தியக் கடையிலேயே உத்தரவாதத்துடன் வாங்குவது லாபமாக இருக்கலாம். அதுவரை அப்பாவின் ஜனதாவை நல்ல கடிகாரக்காரரிடம் கொடுத்துச் சரிபார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.